காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் பாண்

இடது உள்ளங்கையில் பாணைக் கவிழ்த்து வைத்து, வலது நடுவிரலின் முட்டியால் அதன் அடியில் மூன்று தட்டு தட்டுகிறார் சந்தியாப்பிள்ளை. உடனே அதைக் காதோடு வைத்துக்கொள்கிறார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இழுத்தது. காது மடல் சிவந்துவிடுகிறது. முகம் மட்டும் அசைவதில்லை. ஓசை சரியாக இருந்தால் பாண் கூடைக்குப் போகிறது, இல்லையென்றால் திரும்ப அடுப்புக்கு. "உள்ளுக்குள்ள வெறுமையாக் கேக்க வேணும். பொத்தெண்டு கேட்டா அது இன்னும் மாதான், பாண் இல்லை" என்கிறார். ஒன்று முழுமையாகிவிட்டது என்பதை அதன் உள்ளே இருக்கும் வெறுமையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எண்பது பாணையும் ஒவ்வொன்றாக இப்படித் தட்டிக் கேட்காமல் அவர் சைக்கிளை எடுப்பதில்லை.

பாண் என்பது நாம் பிரெட்டு என்று சொல்வதுதான். சந்தியாப்பிள்ளைக்கு மன்னார்ப் பக்கம் முருங்கன். அங்கே ஒரு பேக்கரியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். எண்பத்தைந்தில் மனைவி பிலோமினாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் படகேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் சில வாரம் இருந்து, திண்டிவனத்துக்கு லாரியில் கொண்டுவரப்பட்டார். மயிலம் சாலையில் ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலை இப்போது அகதி முகாம். நாற்பத்திரண்டு குடும்பங்கள், குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் சுவராக ஒரு சேலை. சந்தியாப்பிள்ளை வீட்டுச் சுவர் பச்சை நிறம்.

வந்த இரண்டாவது மாதமே ஆலைக்கு அடுத்த நிலத்துக்காரர் சுப்பராயலுவிடம் போய் நின்றார். சாலையோரம் நிலத்தில் ஒரு மூலை வேண்டும் என்று கேட்டார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பயிரிட்டுப் பெரிய கை என்று பெயர் வாங்கியவர் சுப்பராயலு. பேச்சில் சிக்கனம்.

"என்னா பண்ணப் போற?"

"போறணை கட்டப் போறன் ஐயா."

"அப்பிடின்னா?"

"பாண் சுடுற அடுப்பு."

"என்னாவோ கட்டு. எங் கொடியில நெருப்புப் படாம பாத்துக்க."

பழைய செங்கல், ஏரிக்களிமண், ஆலை இடிபாட்டில் கிடைத்த ஓர் இரும்புக் கதவு. பதினோரு நாளில் குனிந்த யானை போல ஓர் அடுப்பு எழுந்தது. உள்ளே வழவழப்பாகப் பூசிய மனிதர் வெளியே ஒரு கை மண்கூடப் பூசவில்லை. கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. உள்ளூர்க்காரனான நான் ஏன் என்று கேட்டேன். "இது கொஞ்ச நாளுக்குத்தானே" என்றார். இந்தக் கொஞ்ச நாள் என்ற சொல்லை அவர் தினமும் நாலு முறையாவது சொல்வார். சொல்லும்போது எந்தப் பக்கமும் பார்க்க மாட்டார்.

மாவு பொங்குவதற்குக் கள் வேண்டும். சாராய வாடை தூக்கும் கள்ளுக்கடைக்குத் தினமும் காலையில் செம்போடு போய், வாங்கி, ஒரு சொட்டும் நாக்கில் படாமல் திரும்பிவரும் ஒரே வாடிக்கையாளர் அவர்தான். "சிலோன்காரரு ஊட்டுக்குப் போயி குடிப்பாரு, கௌரவம்" என்று கடைக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான். பிலோமினா அதைக் கேட்டுவிட்டு, "இந்த மனுசன் குடிச்சா எனக்கும் கொஞ்சம் கதை கேக்கலாம். வாயே திறக்கிறேல்லை" என்றார்.

சந்தியாப்பிள்ளைக்கு எல்லாம் 'கெதியா', அதாவது சீக்கிரமாக, நடக்க வேண்டும். சாப்பாடு, நடை, கோபம் எல்லாமே கெதியாத்தான். ஆனால் மாவிடம் மட்டும் அந்தச் சொல் கிடையாது. மாவு பொங்கும் மரத்தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும்போது அவரிடம் யாரும் பேச முடியாது.

விடிந்ததும் சைக்கிள். பின்னால் தகரப் பெட்டி, அதன்மேல் ஈரச் சாக்கு. முதல் சில வாரங்கள் ஊருக்குள் வாசல் வாசலாக மணி அடித்துப் பார்த்தார். பெண்கள் வெளியே வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்ல யாருக்கும் ஒண்ணுமில்லபா, நல்லாத்தான் கீறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நலம் விசாரித்ததாக எடுத்துக்கொண்டார்களோ என்று இவர், "சந்தோசம் அம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்வார். விற்பனையெல்லாம் பேருந்து நிறுத்தத்தில்தான். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் பேருந்துக்கு நிற்கிறவர்கள் அரை மணியில் பாதிப் பெட்டியைக் காலிசெய்துவிடுவார்கள். அவருக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஒரே ஒரு குறை.

"இந்த பஸ்ஸிலை போற ஆக்களுக்குப் பாணிலை நல்ல விருப்பம். ஆனா ஒருத்தரும் சிரிச்ச முகத்தோட வாங்கிறேல்லை. ஏனெண்டு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. சொல்லியிருக்க வேண்டும். அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன். அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தது நான் அல்ல.

மாசிக் கடைசியில் சுப்பராயலுவின் மகள் அம்சாவைப் பெண் பார்க்கப் பெருமுக்கல்லிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கண்ணையன், அம்மா வெள்ளையம்மாள், கூட ஆறேழு பேர். கூடம் நிறைந்த கூட்டம். சுப்பராயலுவின் மனைவி கிருஷ்ணவேணி கேசரிக்கு நெய்யை அள்ளி அள்ளி ஊற்றிவிட்டு, அடுத்த வீட்டுக்காரி பார்க்கட்டும் என்று அடுக்களைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். இந்த இடம் அமைய வேண்டும் என்று அந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சந்தியாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும். அடுப்பு கட்ட இடம் கொடுத்த வீட்டில் நல்ல காரியம், சும்மா இருக்கலாமா? முருங்கனில் அவருடைய முதலாளி, நல்லது நடக்கிற வீட்டுக்கு அன்றைய முதல் பாணை அனுப்பிவைப்பாராம். அதே போல இவரும் வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, சூடான பாண் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்தார். எல்லாரும் பார்க்க, கிருஷ்ணவேணியிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"பிள்ளைக்கெண்டு கொண்டு வந்தனான்."

நம் பக்கத்தில் பிரெட்டு யாருக்கு வாங்குவோம்? காய்ச்சலில் படுத்தவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்கு. பாலில் தோய்த்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற பண்டம் அது. வெள்ளையம்மாள் காகிதப் பொட்டலத்தைப் பார்த்தார், பிறகு அம்சாவைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு ஒடம்புக்கு என்னாங்க?"

"ஐயையோ, ஒண்ணுமில்லீங்க" என்றார் கிருஷ்ணவேணி.

"இல்ல, மருந்து ஏதாச்சும் சாப்புட்டுக்கினு கீதா?"

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க."

இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, இருக்கிறது என்று உறுதியாகிக்கொண்டே போனது. காபியைக் குடித்தார்கள். கேசரியைப் பாதி வைத்துவிட்டார்கள். பங்குனி உத்திரம் கழித்துச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

அன்று மாலை சுப்பராயலு கடப்பாரையோடு போறணைக்கு வந்தார். இடிக்கவில்லை. கடப்பாரையை அடுப்பின்மேல் சாய்த்து வைத்தார்.

"உத்திரம் தாண்டி ஒரு வாரம் பாப்பேன். பெருமுக்கல்காரங்ககிட்டருந்து நல்ல சேதி வரலன்னா இத எடுத்துருவேன். மனசுல வச்சிக்காத."

சந்தியாப்பிள்ளைக்கு என்ன தவறு செய்தோம் என்றே தெரியவில்லை. காரணம் கேட்கவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இடிக்கிறதெண்டா இடியுங்கோ ஐயா. இடம் உங்கட. மா பிசைஞ்சு வச்சிருக்கிற நேரமாப் பாத்து மட்டும் இடிக்க வேண்டாம். ஒருக்கா அப்பிடி விட்டிட்டு வந்தனான்."

பிலோமினா சொல்லித்தான் எனக்கு அதன் பொருள் தெரியும். முருங்கனில் இருந்து ஓடிய பகலில் இருநூறு பாணுக்கு மாவு பிசைந்து மூடி வைத்திருந்தாராம். படகில் ஏறும்போது வேறு எதையும் பேசவில்லையாம். "இப்ப பொங்கி வழிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாராம்.

உண்மையை உடைத்துச் சொன்னவள் அம்சாதான். மறுநாள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி அடுப்புக்கு வந்தாள். இவர் பாண் போட ஆரம்பித்த நாளிலிருந்து மூலைத் துண்டு ஒன்று அவளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, அம்மாவுக்குத் தெரியாமல்.

"சித்தப்பா, உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா? எங்க ஊர்ல இத ஜொரம் வந்தாதான் தின்னுவாங்க."

"என்ன?"

"ஆமா. பஸ்டாண்டுல வாங்கறவங்கல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க. எனக்கு என்னா நோயின்னு கேட்டுக்கினே போனாங்க அந்தம்மா. பசின்னு சொல்லியிருப்பேன், எங்கம்மா கிள்ளிட்டாங்க."

சந்தியாப்பிள்ளை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரே மொழி, ஒரே எழுத்து. ஒரு பாணுக்குள் மட்டும் இரண்டு ஊர். "அப்ப இவ்வளவு நாளும் நான் நோயாளிச் சாப்பாடோ வித்தனான்?" என்றார். சற்று நேரம் கழித்து அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அம்சா பயந்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தார். வாசல் வாசலாகக் கும்பிட்டுச் "சந்தோசம்" சொன்னது நினைவுக்கு வந்துவிட்டதாம்.

அடுத்த பத்து நாளும் அவர் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் நம்ப மாட்டார்கள் என்பதைக் கிருஷ்ணவேணியின் 'ஒண்ணுமில்லீங்க' அவருக்குக் கற்பித்திருந்தது. முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு புதுச்சேரி போய், பேக்கரிகளில் போடும் ஈஸ்ட் வாங்கி வந்தார். "முருகன்ட திருவிழா. கள்ளு விட்ட பாண் வேண்டாம்" என்றார். தேங்காய் வாங்கினார். குண்டூர் மிளகாய் வாங்கினார், கேட்டவர்கள் பயப்படும் அளவுக்கு.

உத்திரத்தன்று மயிலத்தில் தலைகளே தரை. பம்பை, சிலம்பு, மஞ்சள் தண்ணீர், மல்லாட்டை வறுக்கும் புகை. மலையடிவாரத்தில் வருடந்தோறும் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர் கண்ணையன். ஆறு பெரிய பானை மோரோடு அவர் நின்றுகொண்டிருக்கும்போது, பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்தியாப்பிள்ளை பந்தலுக்குள் நுழைந்தார். நான் மோர் குடிக்க வந்தவன். செம்பை வாயிலிருந்து எடுக்க மறந்தேன்.

"நீ அந்த ரொட்டிக்காரன் இல்ல?" என்றார் கண்ணையன்.

"ஓம். ஒரு மூலையில நிண்டு குடுத்திட்டுப் போறன். காசுக்கு இல்லை."

"இங்க யாருக்குபா ஜொரம்?"

பந்தலே சிரித்தது. சந்தியாப்பிள்ளை சாக்கை விரித்து, நூறு பாணை அடுக்கி, ஒரு பெரிய குண்டானின் மூடியைத் திறந்தார். தேங்காயும் மிளகாயும் வெங்காயமும் எலுமிச்சையும் இடித்த சம்பல். செங்கல் பொடியைக் குவித்தது போல இருந்தது. முதல் பாணை எடுத்தார். தட்டினார், காதில் வைத்தார். பந்தல் மறுபடி சிரித்தது. பாணைப் பிளந்து, சம்பலை அப்பி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, அங்கே நின்றவர்களிலேயே பெரிய உடம்புக்காரரான ஒரு பம்பைக்காரரிடம் நீட்டினார்.

பம்பைக்காரர் கடித்தார். மென்றார். நெற்றியில் வேர்வை முளைத்தது. மூக்கு ஒழுகியது. கண்ணில் தண்ணீர் கட்டியது. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மோர்ச் செம்பைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னொண்ணு குடு."

அவ்வளவுதான். காவடி இறக்கிவைத்தவர்கள், சிலம்பு கட்டியவர்கள், மொட்டை போட்ட தலையில் சந்தனம் காயாதவர்கள், எல்லாரும் சாக்கைச் சுற்றி மொய்த்தார்கள். "எனக்கு", "இங்க ஒண்ணு", "தள்ளுபா ஜல்தி" என்று கைகள். சந்தியாப்பிள்ளையின் கைகள் தட்ட, பிளக்க, அப்ப, நீட்ட என்று ஓடின. தட்டாமல் ஒன்றையும் தரவில்லை. தின்றவன் எல்லாம் மோருக்குப் பாய்ந்தான். ஆறு பானையும் ஒரு மணி நேரத்தில் வற்றின. கண்ணையன் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, காலிப் பானையும் தானுமாகத் தெருவில் ஓடினார். "மோரு, மோரு கொண்டாங்கடா, என் மானமே போவுது" என்று அவர் கத்திய சத்தம் பம்பையைத் தாண்டிக் கேட்டது. இரண்டாவது முறை பானையோடு ஓடி வந்தபோது, மூச்சிரைக்க, சாக்கின் முன்னால் நின்று அவரும் கையை நீட்டினார்.

சாப்பிட்டார். மனைவிக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தார். வெள்ளையம்மாள் சந்தேகமாகக் கடித்தார். இருமினார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மறுபடி கடித்தார்.

"இத ஜொரக்காரன் தின்னா செத்தே பூடுவான்" என்றார்.

சந்தியாப்பிள்ளையின் கை முதன்முறையாக நின்றது. "அதைத்தான் அம்மா சொல்ல வந்தனான்."

வெள்ளையம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு என்னாத்துக்கு பொண்ணுக்குன்னு எடுத்தாந்து குடுத்த?"

"நல்ல நாளெண்டு குடுத்தனான். எங்கட முதலாளி அப்பிடித்தான் குடுப்பார்."

அதற்கு மேல் அம்சாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் பாணைப் பிளந்து யாருக்கோ கொடுத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு முகாமில் பெயர் கூப்பிடுவார்கள் என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். பெருமுக்கல்காரர்களும் பதில் எதுவும் சொல்லவில்லை.

ஒரு நாள் போயிற்று. மூன்று நாள். ஐந்து நாள். சேதி இல்லை. கடப்பாரை சாய்த்த இடத்திலேயே துருவேறிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் இப்போது சம்பலோடு கேட்கிறவர்கள் வந்தார்கள், சிரித்த முகத்தோடு. சந்தியாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் வியாபாரத்தைப் பெருமுக்கல் வரை நீட்டிப் பார்த்தார். வெள்ளையம்மாள் வாசலுக்கு வந்து நின்றார்.

"நல்லா செவந்ததாப் பாத்து ஒண்ணு குடு. ஒடையாம, மூலை நசுங்காம."

"சம்பல்?"

"வாணாம்."

சம்பல் வேண்டாம் என்றதும் இவருக்கு முகம் விழுந்துவிட்டது. சம்பல் இல்லாமல் கேட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பொருள். இந்த ஊர் வழக்கம் இப்போது அவருக்கும் தெரியும். முகாமுக்குத் திரும்பியதும் மறுநாளுக்கு மாவு பிசையவில்லை. மரத்தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். அடுப்பின் சாம்பலை வாரினார். இரும்புக் கதவைக் கழற்றித் துடைத்துச் சுவரோரம் வைத்தார். இடிக்க வருகிறவருக்கு வேலை மிச்சம்.

சுப்பராயலு சொன்ன ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குச் சாலையில் பேருந்து நின்றது. கண்ணையன் இறங்கினார். வெள்ளையம்மாள் இறங்கினார். பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேர், கையில் தட்டுகளோடு. கிருஷ்ணவேணி உள்ளே ஓடி, வெளியே ஓடி, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் மறுபடி உள்ளே ஓடினார். சுப்பராயலு துண்டைத் தோளில் போட்டார், இடுப்பில் கட்டினார், மறுபடி தோளில் போட்டார். சாலையில் போய்க்கொண்டிருந்த என்னையும் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்காரவைத்தார். அம்சா வேலிப் பக்கம் போய், "சித்தப்பா, வாங்க, கெதியா" என்று அவர் சொல்லாலேயே அவரைக் கூப்பிட்டாள்.

அவர் சாம்பல் படிந்த கையோடு வந்து கூடத்துத் தூணை ஒட்டி நின்றார். நடுவில் தட்டுகள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், ஒரு படி மல்லாட்டை, பூச்சரம். முதல் தட்டில், மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில், செம்பவளம் போலச் சிவந்து ஒரு முழுப் பாண். அதன் தலையில் ஒரு துண்டு மல்லிகை.

"நல்ல நாளுக்குக் குடுக்கறதாமே" என்றார் வெள்ளையம்மாள் யாரையும் பார்க்காமல். "ஜொரம் இல்லாத பொண்ணுக்கு."

கண்ணையன் முதல் தட்டை எடுத்து நீட்டினார். சுப்பராயலு எழுந்தார். தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

அப்போது தூணோரத்திலிருந்து சந்தியாப்பிள்ளை இரண்டு எட்டு முன்னால் வந்தார். யாரையும் கேட்கவில்லை. தட்டிலிருந்த பாணை எடுத்தார். மல்லிகையைக் கவனமாக ஒதுக்கினார். இடது உள்ளங்கையில் கவிழ்த்து, நடுவிரல் முட்டியால் மூன்று தட்டு தட்டி, காதோடு வைத்துக்கொண்டார். சம்பந்திகள் இரண்டு பேரும் கையை நீட்டியபடியே நிற்க, கூடம் முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, பாணைத் திரும்பத் தட்டில் வைத்து, அதன் தலையில் மல்லிகையைச் சரிசெய்தார்.